நானாட்டான் வீதியோரத்து நீராவிக் கோச்சி

நானாட்டான் வீதியோரம் மூன்று மொழியில் பலகை நின்றது: ‘நீராவி ரயில். பார்க்கலாம், ஏறலாம்.’ நட்டவர் மரபுரிமைச் சபைத் தலைவர் பாலசிங்கம், ஓய்வுபெற்ற அதிகாரி. வெயிலுக்கும் கோட்டுக் கழற்றாதவர். பற்றைக் காட்டுக்குள் கிடந்த கொதிகலன் ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து, பின்னால் ஆட்கள் இருக்க இரண்டு வாங்கு போட்டு, அதைச் சரித்திரம் ஆக்கினார். திறப்பு விழாவில் ஐயர் சந்தனம் வைத்தார், மௌலவி துஆ ஓதினார், பிக்கு நூல் கட்டினார். கரையிலிருந்து வந்த பாதருக்குத் தோணி மந்திரித்தே பழக்கம். புயலிலிருந்து காக்கும்படி செபித்துத் தீர்த்தம் தெளித்தார்.

வருபவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை டிலோஜினிக்கு. அதற்காகப் பக்கத்துத் தீவில் நண்டு பதனிடும் கொம்பனி வேலையை விட்டு வந்திருந்தாள். வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். நாட்டில் நீராவி ரயில் ஏறக்கூடிய இடங்களைப் பட்டியலிடும் பிரேமினி கொழும்பிலிருந்து வந்து இதையும் சேர்த்தால் வேலை நிரந்தரம் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

பிரேமினி வந்தாள். இரண்டு தரம் சுற்றிப் பார்த்தாள்.

“தண்டவாளம் எங்கை, ஐயா?”

“அதுக்கு மனுப் போட்டிருக்கு,” என்றார் பாலசிங்கம்.

“ஓடுறதுக்குச் சில்லு?”

“மண்ணுக்குள்ளை தாண்டு போச்சு. எங்கட மண் பொல்லாதது.”

அவள் மண்வெட்டி கேட்டாள். சபைக்காரர் இருவர் முழங்கால் ஆழம் வெட்டினார்கள். சீமெந்துக் கட்டுத்தான் வந்தது.

“ஐயா, இது மில்லிலை நெல் அவிக்கிற கொதிகலன்.”

“நாலு சமயமும் ஆசி குடுத்தது, பிள்ளை. அதை நெல் அவிச்சதெண்டு சொன்னால் பாவம் ஆருக்கு?”

பிரேமினி டிலோஜினியிடம் திரும்பினாள். “தங்கச்சி, உங்களுக்குத் தெரியாதே?”

டிலோஜினிக்கு முதற்கிழமையே தெரியும். உள்ளே துடைத்தபோது துணியோடு உமி வந்தது.

“ரயிலெண்டே எழுதிவிடுங்கோ அக்கா,” என்றாள் மெல்ல. “எனக்கு இந்த வேலை வேணும்.”

பிரேமினி ஒன்றும் எழுதாமல் கொப்பியை மூடி, வான் வண்டியில் ஏறிப் போனாள்.

திங்கட்கிழமை சபை கூடியது. கொதிகலன் பற்றிப் பேச்சே எழவில்லை. ‘பார்வையாளருக்குப் பிழையான விளக்கம் அளித்தமையால்’ டிலோஜினியை வேலையிலிருந்து நிறுத்துவதென ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அவள் பாடமாக்கிச் சொன்ன விளக்கத்தை எழுதிக் கொடுத்த பாலசிங்கமே அவளை நிறுத்தும் கடிதத்திலும் கையெழுத்திட்டார். பலகை நின்ற இடத்திலேயே நின்றது.

மறுநாள் அவள் நண்டுக் கொம்பனிக்குப் போனாள். மேற்பார்வையாளர் ஸீனத் தலை நிமிராமல் பெயர்ப் பட்டியலை நீட்டினாள்.

“உம்மட இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு. பேரை எழுதிப்போட்டுப் போம். முன்னாலை நாப்பத்தெட்டுப் பேர் இருக்கினம்.”

டிலோஜினி எழுதினாள்.

“இவ்வளவு நாளும் என்ன செய்தனீர்?”

“சும்மா இருந்தனான்,” என்றாள்.