மூணு தரம்

"மெதுவா உட்காருப்பா. பெஞ்சு எங்கயும் ஓடிடாது" என்றபடி மகள் அப்பாவின் கையை விட்டாள். கடல் மேட்டு நடைபாதையில் அதுதான் கடைசி பெஞ்சு. கம்பித் தடுப்புக்கு அப்பால் செங்குத்தாக இறங்கும் பாறை. அதன் அடியில் மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகளிலிருந்து மீன்கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் மேலே வரை கேட்டது.

அந்தத் துறைமுகத்தில் காலமெல்லாம் மீன் ஏலம் விட்டவர் அவர். இப்போது கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி. கீழேயிருந்து வந்த ஏலக் குரலைக் காது கொடுத்துக் கேட்டார்.

"இவன் ஏலம் விடறானா, கெஞ்சறானா?" என்றார்.

வீட்டிலும் அவர் வைத்தது ஏலச் சட்டம்தான். மூணு தரம் சொல்வதற்குள் மறுக்காவிட்டால் சம்மதம். அதற்குப் பிறகு வாய் திறந்தால் செல்லாது. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்றுகூட மகளிடம் அப்படித்தான் கேட்டார். அவளும் கொஞ்ச காலமாக ஒன்றையே ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா தன் வீட்டோடு வந்துவிட வேண்டும். ரெண்டாவது தரத்துக்குள், "மருமகன் வீட்ல மூட்டை முடிச்சோட போய் நிக்கச் சொல்றியா? போடி" என்று வெட்டிவிடுவார். தனியாக இருப்பவர், போன வாரம் அடுப்பை அணைக்காமல் தூங்கியிருக்கிறார். அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

முகத்தைப் பார்த்துக் கேட்டால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். அதனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துறைமுகத்தைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"அப்பா, எங்க வீட்டுக்கு வந்துடு. ஒரு தரம்."

பதில் இல்லை.

"ரெண்டு தரம். நல்லா யோசிச்சுக்க."

அப்போதும் இல்லை. கடைசி நிமிஷத்தில் காலை வாரிவிடுவார் என்று அவசர அவசரமாகச் சொன்னாள்.

"மூணு தரம்! முடிஞ்சுது. இனிமே பேச்சு மாறக் கூடாது."

திரும்பாமலே கணவனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, அப்பா ஒத்துக்கிட்டாரு! சத்தியமாங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேசல."

பிறகுதான் திரும்பினாள். இரு கைகளையும் கைத்தடியின் மேல் வைத்து, தலை கொஞ்சம் தொங்கியபடி உட்கார்ந்திருந்தார்.

"தோத்துட்டேன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கியா?" என்று தோளைத் தட்டினாள். கைத்தடி சரிந்து விழுந்தது. அவரும் அந்தப் பக்கமே சாய்ந்தார்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், மூக்கருகே விரல் வைத்தார், நாடியைப் பிடித்து ரொம்ப நேரம் நின்றார். பிறகு அந்தக் கையை மெல்ல மடியில் வைத்தார்.

"உங்க அப்பாவாம்மா?" என்றார்.

தலையாட்டினாள். இப்போதுதானே பேசினார், இப்போதுதானே கிண்டல் செய்தார் என்பதைத் தவிர வேறெதுவும் அவள் மனதில் ஓடவில்லை.

போன் அடித்தது. பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்தாள்.

"சின்ன ரூம ஒழிச்சுட்டிருக்கேன்" என்றான் கணவன், மூச்சு வாங்க. "கட்டில எங்க போடட்டும்? மாமாவுக்குக் காத்து வேணும்ல?"

"ஜன்னல் பக்கம்" என்றாள்.

அந்தப் பக்கம் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது.