கூட்டேரிப்பட்டில் திரும்பிய வண்டி

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் அம்மணி மூக்கிலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை இழுத்துக் கழற்றினாள். மலர்விழி அதைப் பிடித்து மறுபடி வைத்தாள். மாமியாரின் கை அதைத் தள்ளிவிட்டது. இத்தனை வலு அந்தக் கையில் மிச்சமிருக்கும் என்று மலர்விழி நினைக்கவில்லை.

"கழட்டாதீங்க அத்த. மூச்சு முட்டும்."

அம்மணியின் பார்வை ஆம்புலன்சின் முன்பக்கத்திலேயே இருந்தது. நடுவிலிருந்த சின்னக் கண்ணாடித் தடுப்பு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் டிரைவருக்கு அருகில் மகன் ஆரோக்கியராஜ் ஊர்ப் பையனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். வண்டி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லையென்று ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"பந்தல் போட்டாச்சுண்ணா. சேர் எறக்கிக்கினு இருக்கோம். ஐஸ் பொட்டி இப்பவே சொல்லிடட்டுமா, நீங்க வந்தப்புறம் சொல்லிக்கலாமா?"

மலர்விழி எட்டித் தடுப்பை மூடினாள். ஆனால் குரல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டிருந்தது. திரும்பியபோது அம்மணி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கா?" என்றாள்.

மலர்விழி மாஸ்க்கை எடுத்து மறுபடி அவள் மூக்கில் வைத்தாள்.

கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, பொழுது சாயும்வரை தாங்கினால் பெரிது என்று விழுப்புரத்தில் டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் ஆரோக்கியராஜ் ஊருக்குப் போன் போட்டான். ஒலக்கூருக்குப் பக்கத்திலிருந்த அவர்கள் காலனி முழுவதும் ஒரே குரலில் சொன்னது: கூட்டிக்கினு வந்துடுங்க, கோயில் மணி சத்தத்த கேட்டுக்கினே போவட்டும், அதான் அந்தம்மாவோட ஆச. அம்மணியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று மலர்விழிக்கும் தோன்றவில்லை.

எப்படித் தோன்றும்? சாவென்றால் அம்மணிக்குப் பழக்கப்பட்ட வீடு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பகலெல்லாம் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிவிட்டு, வந்த கையோடு முகத்தைக் கழுவிக்கொண்டு, யார் வீட்டில் யார் படுத்திருந்தாலும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை வலியெடுத்தால் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அவள்தான் துணை. கொரோனாவில் பெற்ற பிள்ளைகளே எட்டி நின்ற வீடுகளுக்குள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு போய்ப் பிணத்தைக் குளிப்பாட்டினாள். சாகக் கிடப்பவரின் கையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அவள் சொல்லும் சொல் காலனிக்கே மனப்பாடம்: பயப்படாத, அவரு பக்கத்துலயே இருக்காரு.

மலர்விழியின் வீட்டார் கோலியனூர்ப் பக்கம் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்பவர்கள். காலனிக்காரனோடு போனவள் செத்துவிட்டாள் என்று தலை முழுகியவர்கள். அம்மணி அந்த வாசலுக்குத் தனியாகப் போய், விரட்ட விரட்ட நின்று, "உங்க பொண்ணு நல்லா இருக்கா, அத மட்டும் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மருமகளுக்கு ஞானஸ்நானம் எப்போது என்று ஃபாதர் கேட்டபோதெல்லாம், "அவளுக்கா தோணணும் சாமி" என்பாள். இன்றுவரை அவளுக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அம்மணி கேட்டதுமில்லை.

"மலரு." அம்மணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வண்டியத் திருப்பச் சொல்லுடி."

"எங்க அத்த?"

"ஆஸ்பத்திரிக்கே. ஊசி கீசி எதுனா போடுவாங்க. போலாம்டி."

"ஊருக்குப் போறோம் அத்த. எல்லாரும் செபம் பண்ணிக்கினு இருக்காங்க."

"வாணாம்." தலை இரண்டு பக்கமும் ஆடியது. "நான் போவ மாட்டேன். பயமா இருக்குதுடி."

வேறு எதுவும் தெரியாததால் மலர்விழி, இத்தனை வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பதிந்திருந்ததையே சொன்னாள். "பயப்படாதீங்க அத்த. அவரு பக்கத்துலயே..."

"சும்மா இருடி." அம்மணியின் தொண்டையிலிருந்து கிழிந்துகொண்டு வந்தது அந்தச் சத்தம். "நான் சொன்னதயே எங்கிட்ட சொல்லாத."

அதற்குப் பிறகு மலர்விழி யோசிக்கவில்லை. தடுப்புக் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். "நிறுத்துங்க. வண்டிய நிறுத்துங்க!"

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டுக்குச் சற்று முன்னால் வண்டி ஓரம் கட்டியது. ஆரோக்கியராஜ் ஓடிவந்து பின்கதவைத் திறந்தான். முடிந்துவிட்டது என்று நினைத்து வந்தவன் அம்மாவின் கண்கள் அசைவதைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"திரும்பிப் போவணுமாம்" என்றாள் மலர்விழி. "ஆஸ்பத்திரிக்கு."

"டாக்டர் சொன்னத நீயும்தான கேட்ட? அங்க போயி இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எனக்கும் தெரியும். ஆனா கேக்கறாங்க. எத்தினி வருஷமா பாத்துக்கினு இருக்கேன், தனக்குன்னு ஒண்ணு கேட்டாங்களா?"

"ஊரே காத்துக்கினு இருக்குது மலரு. ஃபாதர் வந்து உக்காந்துக்கினு இருக்காரு."

"ஊருக்கா சாவறாங்க?"

டிரைவர் இறங்கி வந்தார். "சார், சிலிண்டர் கொஞ்சந்தான் இருக்குது. எதுவா இருந்தாலும் ஜல்தி சொல்லுங்க."

லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஒவ்வொன்றுக்கும் வண்டி குலுங்கியது. அம்மணி மகனை நோக்கிக் கையை நீட்ட முயன்றாள், அது பாதியிலேயே விழுந்தது.

"ராஜா. என்ன வுட்றாதடா."

சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து அவன் அழுத மாதிரியே இருந்தது அந்தக் குரல். ஆரோக்கியராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அம்மாவைப் பார்க்காமல் டிரைவரிடம் சொன்னான்: "திருப்புங்கண்ணே."

சைரன் அலறியது. கூட்ரோட்டில் வண்டி ஒடித்துத் திரும்பியபோது படுக்கை ஒருபக்கமாகச் சரிந்தது. மலர்விழி மாமியாரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். "அத்த, திருப்பிட்டாங்க. விழுப்புரந்தான் போறோம். பாருங்க, வெயிலு இப்ப இந்தப் பக்கமா அடிக்குது பாருங்க."

அம்மணியின் கண்கள் திறந்திருந்தன. மலர்விழி பேசிக்கொண்டே வந்தாள். கடந்துபோன பெட்ரோல் பங்கைச் சொன்னாள், கரும்பு லோடு ஏற்றிப் போன டிராக்டரைச் சொன்னாள், இன்னும் கொஞ்ச நேரம்தான், தாங்கிக்குங்க என்றாள். உஸ்ஸென்ற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது மூச்சா, ஆக்சிஜனா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மணிக்கட்டைப் பற்றியிருந்த விரல்கள் எப்போது தளர்ந்தன என்பதும் தெரியவில்லை. பார்த்தபோது அவை அவள் மடியில் கிடந்தன.

டிரைவர் மறுபடி ஓரம் கட்டி, பின்னால் ஏறி, நாடித் துடிப்புக் காட்டும் விரல் கிளிப்பை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார். பிறகு மாஸ்க்கை எடுத்துவிட்டுச் சிலிண்டரைத் திருகி மூடினார். உஸ் சத்தம் நின்றது.

"இனிமே சைரன் வாணாங்க" என்றார்.

வண்டி இன்னொரு முறை திரும்பியது.

அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கோயில் மணி அடித்தது. பந்தல் கொள்ளாத கூட்டம். ஏன் இத்தனை நேரம் என்று கேட்டவர்களுக்கு, "வழியில பேஜாரு" என்று மட்டும் சொன்னான் ஆரோக்கியராஜ். குளிப்பாட்ட யார் வருவது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த வேலையை எப்போதும் செய்தவள் கட்டிலில் கிடந்தாள். கடைசியில் வீரம்மாள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். பாம்பு கடித்துப் போன அவள் மகனின் தலைமாட்டில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவள் அம்மணி.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே வீரம்மாள் கேட்டாள். "கடைசியா இன்னா சொன்னாங்க மலரு? சேசுவேன்னாங்களா? பாட்டு பாடினாங்களா?"

சோப்புக்கையோடு நின்ற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"தண்ணி கேட்டாங்க" என்றாள் மலர்விழி.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

அதற்கே எல்லாரும் அழுதார்கள். அந்தத் தண்ணீர் சாயங்காலத்துக்குள் தீர்த்தமாகிவிட்டது. மறுநாள் பூசையில் ஃபாதர், இந்தத் தாய் இறைவன் பெயரைச் சொல்லிச் சிரித்த முகத்தோடு புறப்பட்டுப் போனாள் என்றார். முன்வரிசையில் ஆரோக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டான். மலர்விழி பெட்டிக்குள் பார்த்தாள். வாயைக் கட்டியிருந்த துணியில் முகம் சிரிப்பதுபோல்தான் இருந்தது.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டு கலைந்து போனார்கள். பந்தலில் வெறும் நாற்காலிகள். மலர்விழி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆரோக்கியராஜ் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"மலரு."

"இன்னாங்க?"

"வண்டி திரும்புச்சே. அது அம்மாவுக்குத் தெரிஞ்சிதா?"

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சிது."

"எப்டி? எதுனா சொன்னாங்களா?"

"சொல்லல. என் கையக் கெட்டியாப் புடிச்சிக்கினு இருந்தாங்க இல்ல. அந்தப் பிடிய வுட்டாங்க."

அவன் தலையை ஆட்டினான். போய் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். பந்தல்காரர் வண்டி நாளைக்குத்தான் வரும். அடுக்கு அவன் தலைக்கு மேல் உயர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. இன்னொன்றைத் தூக்கி எக்கி வைத்தபோது மொத்தமும் சாயப் பார்த்தது. மலர்விழி போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.