மான் வேட்டை நாளில் விழுந்த விலை

தான் விற்ற விலையிலிருந்து பங்கு ஒரு டாலர் இறங்கினால், டெஸ்மண்ட் கலஹர் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்துவிடுவார். மன்ஹாட்டனில் இரண்டாம் அவென்யூவின் நான்காம் மாடியில் இருபது வருடமாக இது நடந்தது. மருந்துக் கம்பெனிகளின் பங்குகளை இரவல் வாங்கி விற்பார். கம்பெனியின் ஓட்டைகளை அறிக்கையாக எழுதிச் சந்தையைக் கலக்குவார். விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுப்பார். லாபம் செலவாகிக் கரையக் கரையத் தரைக்கு வருவார். அதுவரை மனைவி நோரீன் அவரை நாய்ச் சங்கிலியால் நாற்காலியில் கட்டிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அந்த வருடம் நன்றியறிதல் விருந்து முடிந்த திங்கட்கிழமை, பென்சில்வேனியாவிலிருந்த வெல்போர்ன் மருந்தாலைக்குப் போனார். நானூறு கார் நிற்கிற இடத்தில் ஏழே கார்கள். ஆலை செத்துவிட்டது என்று எழுதினார். நாற்பது டாலருக்கு அவர் விற்றிருந்த பங்கு மூன்று நாளில் பதினொன்றுக்கு வந்தது. சங்கிலி அறுந்து, முதுகு கூரையில் ஒட்ட, டெஸ்மண்ட் குஷியில் பாடிக்கொண்டிருந்தார். நோரீன் அறிக்கையைப் படித்தாள்.

"எந்தக் கிழமை போய் எண்ணின?"

"திங்கக்கிழமை."

"அடக் கூமுட்டை! அது மான் வேட்டை தொடங்குற நாளு. எங்க பென்சில்வேனியாப் பக்கம் பள்ளிக்கூடமே லீவு. பாதிரியாரே துப்பாக்கியோட காட்டுலதான் இருப்பாரு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா? ஆறு வருஷமா ஆடின என் கை இப்ப நிக்குதே, அது அந்த வெல்போர்ன்காரங்க பரிசோதனை மாத்திரை. கம்பெனி பேரைச் சொன்னா நீ அதையும் வித்துத் தொலைப்பியேன்னுதான் மறைச்சேன். பங்கு இப்படிக் கெடந்தா எவன் பணம் போடுவான்? மாத்திரையும் போச்சு. இறங்குடா கீழ!"

 தப்பு தன்னுடையதுதான் என்று டெஸ்மண்ட் கூரையிலிருந்தே சந்தைக்கு எழுதி அனுப்பினார். அவரை நம்பி விற்றவர்களெல்லாம் அடித்துப் பிடித்துத் திரும்ப வாங்க, விலை முப்பது, நாற்பது என்று ஏறியது. எல்லாருக்கும் கடைசியாக ஐம்பத்திரண்டில் அவர் வாங்கினார். அதற்குள் அவர் தரையைத் தொட்டு, நிற்காமல், இடுப்புவரை உள்ளே போய்விட்டார்.

கீழ்வீட்டுத் திருமதி பபாடாகிஸ் தன் கூரையிலிருந்து தொங்கிய கால்களை முதலில் துடைப்பத்தால் அடித்தாள். பிறகு சுத்தமான காலுறை போடச் சொன்னாள். இப்போது மழைநாளில் அவருடைய இடது ஷூவில் குடையை மாட்டுகிறாள். நிற்காமல் நடக்கிற மாத்திரைப் பரிசோதனைக்கு இது மூன்றாம் வருடம். மத்தியானமானால் நோரீன் தரையில் உட்கார்ந்து அவருக்குச் சூப் ஊட்டுகிறாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்துவதில்லை.