முத்தப்பனுக்குக் கொடுத்த நாய்

மாளுவின் முன்னங்கால் எலும்பில் இருப்பது புற்றுநோய் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், பவித்ரன் அவளை முத்தப்பன் சாமிக்கு நேர்ந்து கொடுத்துவிட்டான். கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, மனசுக்குள்ளேயே கொடுத்தான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி லசிதாவுக்கு அது தெரியாது. அவள் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பின் ஒரு பக்கம் நனைந்த பஞ்சுபோல ஊதி, ஓரம் கரைந்து கிடந்தது.

"காலை எடுத்துடலாம்" என்றாள் டாக்டர். சின்னப் பெண். "நோய் போயிடும்னு சொல்லமாட்டேன். இது உள்ளே வேற எங்கேயாவது விதைச்சிருக்கும். ஆனா இந்த வலி போயிடும். மிச்ச மாசங்களை ஓடியாடிக் கழிப்பா. எடுக்கலைன்னா, என்னைக்காவது சும்மா நிக்கும்போதே எலும்பு முறியும்."

"மூணு கால்ல எப்படி டாக்டர்?"

"நாய்ங்க நம்மள மாதிரி கண்ணாடி பாக்கிறதில்ல, சேச்சி."

வீட்டுக்கு வந்ததும் லசிதா ஆபரேஷனுக்கு நாள் கேட்க போனை எடுத்தாள். பவித்ரன் அதைப் பிடுங்கி மேசைமேல் வைத்தான்.

"கத்தி வைக்கக்கூடாது. அவ இப்ப நம்ம நாய் இல்ல. முத்தப்பனுக்குக் கொடுத்தாச்சு."

"எப்போ?"

"அங்கேயேதான். டாக்டர் சொல்லும்போது."

"பஸ்ல டிக்கெட் கிழிச்சுக் கொடுக்கிற மாதிரி கொடுத்துட்டீங்களா? யாரைக் கேட்டு?"

"உயிரோட வை, மடப்புரையில கொண்டுவந்து விடறேன்னு சொன்னேன். தப்பா லசிதே?"

"காலை எடுத்தா வலியில்லாம இருப்பா பவித்ரேட்டா. அதுக்கு எதுக்கு முத்தப்பன்?"

"முழுசாக் கொடுக்கறேன்னு சொல்லிட்டு, வெட்டிட்டா கொடுப்பேன்? என் வாய் புழுத்துப் போயிடும்."

ஊரில் யாரைக் கேட்டாலும் பவித்ரன் பக்கம்தான் நிற்பார்கள். நாயில்லாமல் ஓர் அடி வைக்காத தெய்வம் முத்தப்பன். அவர் கோயிலான மடப்புரையில் படைத்த கருவாடு முதலில் நாய்களுக்கு, பிறகுதான் மனிதருக்கு. அவருடையதாகிவிட்ட நாயின் மேல் கத்தி வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

துலாம் மாதத்து மழை தினமும் மதியம் இடியோடு வந்தது. மாத்திரையின் மயக்கத்தில் மாளு சிமென்ட் தரையில் நீட்டிக் கிடப்பாள். லசிதா பாதி தைத்த ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள். கடல் ஏறும் நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் ஓடும் புழைத் தண்ணீர் பின்வாசல் படிவரைக்கும் ஏறி வரும். அதன் வெளிச்சம் ஓட்டின் உட்புறம் மெல்ல நெளியும். பாதித் தூக்கத்தில் வீடு தரையைவிட்டுக் கழன்று மிதப்பதுபோல இருக்கும். கதவு, மிஷின், உத்திரம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்தங்கிவிடும். அவளும் நாயும் மட்டும் ஈரத் தரையோடு தென்னைகளுக்கு நடுவே கடலை நோக்கிப் போவார்கள். கரையிலிருந்து ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். தன் மணிக்கட்டு வலிப்பதுபோலத் தோன்றும். விழித்துப் பார்த்தால் மாளு தூங்காமல் அந்த வீக்கத்தை நக்கிக்கொண்டிருப்பாள்.

முனகமாட்டாள். நக்குவாள், அவ்வளவுதான். அது பொறுமையும் இல்லை, தியாகமும் இல்லை. வேறென்ன செய்வதென்று நாய்க்குத் தெரியாது.

"வீட்டுலயே வெள்ளாட்டம் வைப்போம். அவர்கிட்டயே கேட்டுடலாம்" என்றான் பவித்ரன் ஒருநாள். லசிதா சரி என்றாள். அவளுக்கும் கேட்க ஒன்று இருந்தது.

முத்தப்பனாக வேஷம் போட்டு வெள்ளாட்டம் கட்டியது ராதேஷ் பெருவண்ணான். மற்ற நாட்களில் படகுத்துறை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். மழை விட்ட சாயங்காலம், செண்டைச் சத்தத்துக்கு நடுவே அவன் முகத்தில் மஞ்சளும் சிவப்பும் ஏறின. வில்லும் அம்புமாக எழுந்து நின்றபோது அங்கே ராதேஷ் இல்லை. முத்தப்பன் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துச் சங்கடம் கேட்டார். பவித்ரனின் முறை வந்தது. அவன் கையை நீட்டுவதற்குள் லசிதா மாளுவின் சங்கிலியைப் பிடித்தபடி முன்னே வந்தாள்.

"சொல்லு மகளே. என்ன சங்கடம்?"

"சங்கடம் இல்ல முத்தப்பா, வழக்கு. இவர் என்னைக் கேக்காம என் நாயை உனக்குக் கொடுத்துட்டாரு. திருப்பிக் கொடு."

செண்டைக்காரன் கோலை நிறுத்திவிட்டான். "வாயை மூடுடி! தெய்வத்துக்கிட்டயா பேரம் பேசறே?" என்று பவித்ரனின் அக்கா சியாமளா பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தாள்.

முத்தப்பன் சிரித்தார். வில்லை ஊன்றி, மாளுவின் முன்னால் குந்தினார். மாளு அவர் முகத்தை முகர்ந்து, தாடையிலிருந்த மஞ்சளை ஒரு நக்கு நக்கினாள். அவர் வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். மாளு காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அலறினாள். இத்தனை நாளில் அந்த வீடு கேட்காத சத்தம் அது. பவித்ரன் காதைப் பொத்திக்கொண்டான்.

"கொடுத்தது வந்து சேர்ந்துச்சு" என்றார் முத்தப்பன். "வந்ததை மொத்தமாத் திருப்பி அனுப்பற வழக்கம் எனக்கு இல்ல."

லசிதா சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"இந்தக் காலை நான் வாங்கிக்கிட்டேன். மிச்சம் உனக்கு. போதுமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப அவ உயிரு, முத்தப்பா?" என்றான் பவித்ரன்.

அவன் கையில் கொஞ்சம் அரிசியும் துளசியும் போட்டுவிட்டு, முத்தப்பன் அடுத்த வீட்டுக்காரரின் விசா கவலையைக் கேட்கப் போய்விட்டார்.

ஆபரேஷன் நாளில் ஆஸ்பத்திரிக்கு ராதேஷின் ஆட்டோவில்தான் போனார்கள். காக்கிச் சட்டை. காது மடலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மஞ்சள்.

"சீட்ல வாந்தி எடுத்தா நீங்கதான் கழுவணும், சேச்சி."

"அன்னைக்கு நீங்க சொன்னதாலதான் போறோம்" என்றாள் லசிதா.

"நான் எங்க சொன்னேன்? சொன்னது அவரு. வேஷம் கழட்டினா எனக்குப் பாதி ஞாபகம் இருக்காது. என்ன சொன்னாரு?"

"இவ காலை அவருக்குன்னு வாங்கிக்கிட்டாரு."

ராதேஷ் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினான்.

"அப்படின்னா, அதை ஆஸ்பத்திரிக் குப்பையில விட்டுட்டு வந்துடாதீங்க. கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேக்கணும்."

வெட்டிய காலைக் கேட்டதும் டாக்டர் முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு பரிசோதனைக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் துணியில் பொதிந்து கொடுத்தாள். மாளு அங்கேயே மயக்கத்தில் கிடக்க, பவித்ரன் அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு மடப்புரைவரைக்கும் வந்தான். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. புழையோரத் தாழை மறைவில் அவனே குழி தோண்டினான். மண்ணை மூடும்போது, தான் கொடுப்பதாகச் சொன்னது எதை என்று அப்போதுதான் தெரிந்தவன்போல உட்கார்ந்துவிட்டான். மடப்புரை நாய்கள் இரண்டு சற்றுத் தள்ளி நின்று பார்த்தன. கிட்டே வரவில்லை.

மாளு வீட்டுக்கு வந்தாள். முதலில் விழுந்தாள். பிறகு விழாமல் நின்றாள். பிறகு மீன்காரியின் பின்னால் தத்திக்கொண்டு கேட்வரைக்கும் ஓடினாள். நோய் பரவி நுரையீரல் எக்ஸ்ரேயில் என்றைக்கு நிழல் விழும் என்று டாக்டர் சொல்லவில்லை. லசிதாவும் கேட்கவில்லை.

ஒரு மதியம் பவித்ரன் கண்டக்டர் டியூட்டி முடிந்து வந்தபோது மாளு தூங்கிக்கொண்டிருந்தாள். கனவில் கால்கள் ஓடின. பின்னங்கால் இரண்டு, முன்னங்கால் ஒன்று. தையல் போட்ட தோளும் அதே தாளத்தில், இல்லாத காலை முன்னே வீசி வீசிப் போட்டுக்கொண்டிருந்தது.

"எங்கடி ஓடறே?" என்று பவித்ரன் குனிந்தான்.

லசிதா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சத்தம் போடாதீங்க. முழிச்சா மூணுதான்."