மேக நாட்டு அரக்கியின் பெயர்

பன்னிரண்டு அடி உயரம். உள்ளங்கையில் ஒரு வாய். நடந்தால் பின்னாலேயே மூடுபனி வரும். பூரணி அந்த அரக்கியை அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கியிருந்தாள். ஆனால் அவளுடைய பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் பூரணிதான் நாடகம் எழுதிக்கொடுப்பாள். டவுனில் போட்டோகொப்பிக் கடையில் வேலை. கடைக்கு ஆள் வராத நேரத்தில் எழுதுவாள். இந்த வருஷக் கதையில் மேக நாட்டு அரக்கி மலையிறங்கி வந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள். திரும்பி வருகிறவர்களுக்கு நிழல் இருப்பதில்லை. இதை யாரை நினைத்து எழுதினாய் என்று லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும்.

முதலில் கடூரகண்டி என்று வைத்தாள். நாக்கை மேலே அடித்துச் சொல்லவேண்டிய எழுத்துகள் நாலு சேர்ந்தால் பயம் தானாக வரும் என்பது அவள் எண்ணம். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பராவில் ஒத்திகை. தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற பகுதியில் வேலை செய்யும் தர்ஷன்தான் அரக்கி. மீசையை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வேஷத்துக்கே ஒத்துக்கொண்டான். கறுப்புப் பொலித்தீன் விரிப்பைப் போர்த்திக்கொண்டு, "நான்தான் கடூரகண்டி" என்று கூரைத் தகரம் அதிரக் கத்தினான். வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒரு நிமிஷம் வாயடைத்துப்போனார்கள். அடுத்த நிமிஷம் ஒன்று, "பொலித்தீன் வந்திருச்சு" என்றது. அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க அரக்கிக்குப் பெயர் பொலித்தீன்.

சரி, நீளமாக வைத்தால் மிரட்டும் என்று வச்சிரதந்தமாலினி ஆக்கினாள். பிள்ளைகள் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு மாலினி டீச்சர் என்றார்கள். அர்த்தமே இல்லாத வெறும் சீறலாக ஒன்று வைத்துப் பார்த்தாள். தும்மல் வந்த மாதிரி இருக்கிறது என்று தர்ஷனே சொல்லிவிட்டான்.

பூரணி எதையும் கழற்றிப் பார்க்கிறவள். கடை மெஷின் தாளைக் கடித்துக்கொண்டால் மூடியைத் திறந்து, எந்த உருளையில் சிக்கியது என்று பார்த்த பிறகுதான் தாளை இழுப்பாள். இதையும் அப்படித்தான் பார்த்தாள். லயத்தில் பயம் என்ற ஒன்று நுழைந்ததும் ஜனங்கள் முதலில் செய்கிற காரியம் அதற்கு ஒரு சின்னப் பெயர் வைப்பது. வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் காலையில் நின்று வேலையில்லை என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிய துரைக்கு நெத்தலி என்று பெயர். மலையில் வேலையை மேற்பார்த்து, சத்தம் போட்டே கொல்லும் கண்டக்டர் ஐயாவுக்கு அலாரம். ஆட்டைத் தூக்கிப்போகும் சிறுத்தையைக்கூடப் பூனையார் என்பார்கள். சின்னப் பெயர் வைத்ததும் பயம் கைக்குள் அடங்கிவிடும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போய்விடலாம். பெயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுலபமாக வெட்டலாம். அரக்கிக்குத் தான் வைத்தது எல்லாம் வெட்டத் தோதான பெயர்கள். இதுவரை அவளுக்கு விளங்கியது. வெட்டமுடியாத பெயர் எது என்பதுதான் விளங்கவில்லை.

விளங்காத விஷயம் இன்னொன்றும் வீட்டிலேயே இருந்தது. தங்கை ஜெயந்தினி குவைத்திலிருந்து திரும்பி நாலு மாசம் ஆகிறது. நாடே சாமானுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷம் வீட்டு வேலைக்குப் போனவள், இரண்டரை வருஷம் கழித்து ஒரு கைப்பையோடு வந்தாள். சாப்பிடுவாள், வீடு கூட்டுவாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். அங்கே நடந்ததைக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாள். ஆனால் பூரணியை வருத்தியது அதுவல்ல. வந்த நாளிலிருந்து ஜெயந்தினி அவளை ஒருதரம்கூட அக்கா என்று கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், இல்லையென்றால் டம்ளரைத் தட்டுவாள். தாயில்லாத வீட்டில் ஒரு நாளைக்கு நூறுதரம் அக்கா அக்கா என்று காலைச் சுற்றின பிள்ளை அது. நாம்தானே அனுப்பினோம், அந்தக் கோபம் என்று பூரணி நினைத்துக்கொண்டாள். கேட்கத் துணிச்சல் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு ஜெயந்தினியையும் கூட்டிப்போனாள். அவள் மூலையில் உட்கார்ந்து அரக்கியின் கிரீடத்துக்கு வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பூரணி நாலாவது பெயரைச் சொல்ல, தர்ஷன் கத்த, பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். தர்ஷன் சலித்துப்போய், பேசாமல் அரக்கிக்கு உன் பெயரையே வைத்துவிடு, ஒத்திகையில் எங்களுக்கு உன்னைக் கண்டால்தான் பயம் என்றான்.

ஜெயந்தினி தாளில் பசை தடவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினாள்.

"பேரைக் கேட்டா ஓடணும்னு நீ எழுதிக்கிட்டு இருக்க. ஓடிட்டா அவ எப்படிக் கூட்டிட்டுப் போவா? கூடப் போறதுக்குத் தோதா ஒரு பேரு வேணும்ல."

நாலு மாசத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. பூரணி கேட்டாள். "அப்ப என்ன பேரு வைக்கலாம்?"

"அவளே வச்சுக்குவா. அக்கான்னு வச்சுக்குவா."

அதற்குமேல் அங்கே பேசவில்லை. மலைப்பாதையில் வீட்டுக்கு ஏறும்போதுதான் மீதியைச் சொன்னாள். குவைத்துக்கு ஆள் சேர்க்க வந்தவளை லயத்தில் எல்லாருக்கும் தெரியும். சிரித்த முகம், பிள்ளைகளுக்கு பிஸ்கட். பெயரைக் கேட்டதற்கு, பேரெல்லாம் எதுக்கு, அக்கான்னே கூப்பிடுங்க என்றாள். அப்படியே கூப்பிட்டார்கள். யாரும் அவளுக்குச் சின்னப் பெயர் வைக்கவில்லை. அக்கா என்பதை எதற்குச் சின்னதாக்குவது? அங்கே போனபின் அடி விழுந்த அன்றைக்கு ஜெயந்தினி அவளுக்குத்தான் போன் பண்ணினாள். அழாதே தங்கச்சி, அக்கா பார்த்துக்கிறேன் என்றாள். மறுநாள் காலை, போனில் சொன்னது ஒவ்வொன்றும் அந்த வீட்டுக்காரிக்குத் தெரிந்திருந்தது. அதற்கும் சேர்த்து அடி. யாரோ ஒட்டுக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்து மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அப்படியே ஆனது. மூன்று தடவை ஆனபிறகுதான் புரிந்தது.

"நடுவுல உனக்கும் எடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

பூரணிக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் ஜெயந்தினி எதையும் சொல்லமுடியாமல் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொன்ன நாள் அது. பூரணி அப்போது சொன்னதும் ஞாபகம் இருந்தது: எதுன்னாலும் அக்காகிட்ட சொல்லு, அக்கா சொல்றபடி கேளு.

"உன்மேல கோபம் இல்ல," என்றாள் ஜெயந்தினி. "கூப்பிடத்தான் வாயெடுக்கிறேன். அவ குரல் வந்துருது."

பூரணி பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கீழே நோர்வூட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. ஜெயந்தினி வெள்ளித்தாள் கிரீடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவள் எழுந்திருக்கும்வரை நின்றாள்.

அடுத்த ஒத்திகையில் தர்ஷனைக் கத்தவேண்டாம் என்று பூரணி சொன்னாள். பொலித்தீனும் வேண்டாம். கதவுக்கு வெளியே நின்று மெதுவாகக் கூப்பிடு, போதும். அவன் கதவைத் தட்டி, "தங்கச்சி, கதவைத் தொற. அக்கா வந்திருக்கேன்" என்றான். பிள்ளைகள் கதவைப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை, பட்டப்பெயரும் வரவில்லை. பேரனை மடியில் வைத்திருந்த அம்மாக்கண்ணு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் மகளும் அந்த அக்காவோடுதான் போயிருந்தாள். இன்னும் வரவில்லை.

தர்ஷன் உள்ளே வந்து, இனிமேல் அதைச் சொல்ல எனக்கே ஒருமாதிரியாக இருக்கிறது என்றான்.

பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயர் பூரணியுடையது. பத்து வயதில் தங்கையைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே பட்டம். இனி நூறுதரம் கேட்டாலும் அது பழைய இடத்துக்குத் திரும்பாது என்று அவளுக்குத் தெரிந்தது. தாள் எங்கே சிக்கியது என்று பார்த்தாயிற்று. கிழியாமல் எடுக்க வழியில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் ஜெயந்தினி வந்து நின்றாள். உப்பு டப்பா பூரணியின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. பூரணி அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

"பேரைச் சொல்லிக் கேளு. பூரணின்னு கூப்பிடு."

மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் லயமே சிரிக்கும் என்றாள் ஜெயந்தினி. சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள் பூரணி. அடுப்பை ஊதுகிறவள்போலக் குனிந்துகொண்டாள். ஜெயந்தினி உப்பைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் பெண்கள் குடத்தோடு நிற்கும்போது, "பூரணி, வாளி நெறஞ்சிருச்சு" என்று குரல் வந்தது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். பூரணி போய் வாளியைத் தூக்கினாள்.

கடைக்குப் போனதும் நாடகத்தில் பெயர் வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, அரக்கியின் பெயர் அக்கா என்று எழுதினாள். வீட்டில் தங்கை அவளைப் பூரணி என்று கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் இவள் போகிறாள்.