ஹெட்ஃபோனுக்கு ஒரு ட்ரையல்

என் கணவர் தையல்காரர். எதை வாங்கினாலும் ட்ரையல் பார்க்காமல் விடமாட்டார். நாற்காலி வாங்கப் போனால் அதில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டுப் பார்ப்பார். குடை வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு ஹெட்ஃபோன் வாங்கப் போனது என் புத்திகெட்ட வேலை.

எனக்கு ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை. காலையில் ஹெட்ஃபோனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவேன். அதை அவரவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பேசுகிறவரிடம் "மறுபடி சொல்லுங்க" என்று அடிக்கடி கேட்டால் மேற்பார்வையாளர் அம்மா மார்க்கைக் குறைத்துவிடுவார். மார்க் குறைந்துகொண்டே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதனால் ஒலி துல்லியமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பழைய ஹெட்ஃபோனை வாங்கியிருந்தேன். அது காதை இடுக்கி மாதிரிப் பிடித்தது. வீடு திரும்பும்போது இரண்டு காதும் பழுத்துப்போயிருக்கும். யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுவேன். வீட்டில் வாயைத் திறக்க என் கணவர் ஒருவர்தான் இருக்கிறார். நாளடைவில் அவரும் திறப்பதை விட்டுவிட்டார். சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூடத் தட்டைத் தட்டினார். போன வாரம் அந்த ஹெட்ஃபோன் உடைந்தபோது அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

கடையில் எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் இரண்டுதான் இருந்தன. கறுப்பில் ஒலி கண்ணாடி மாதிரித் தெளிவு, ஆனால் பிடி இறுக்கம். சாம்பல் நிறம் மெத்தென்று உட்கார்ந்தது. குரல்தான் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

"கறுப்பு," என்றேன்.

"சாம்பல்," என்றார் அவர். சொன்னதோடு நிற்காமல் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, நாலு பேர் பார்க்க, என் தலையைச் சுற்றி அளந்தார். "தலை கொஞ்சம் பெரிசு. கறுப்பு இறுக்கிப் பிடிக்கும். ஓரத்துல கொஞ்சம் பிரிச்சு விட்டுத் தருவீங்களா?"

"பிரிக்கல்லாம் முடியாது சார்," என்றார் விற்பனையாளர். "மேடம் ரெண்டு நிமிஷம் போட்டுப் பாக்கட்டும். தெரிஞ்சிடும்."

"கைக்குட்டைக்கே ரெண்டு நிமிஷம் பத்தாதுங்க. இவங்க வேலையே புகார் கேக்கறது. யாராவது புகார் சொன்னாத்தான் அது ட்ரையல்."

விற்பனையாளருக்கு இது எப்படி நியாயமாகப் பட்டதோ தெரியவில்லை. கறுப்பை என் போனில் செருகி என் தலையில் மாட்டினார். என் நம்பரைக் கேட்டுக்கொண்டு, வாஷிங் மெஷின் வரிசைக்குப் பின்னால் போய் நின்று தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், ஃப்ரிட்ஜ்ல வச்ச சாப்பாடு காணாமப் போகுது."

"எந்த ஃப்ரிட்ஜ் சார்?"

"இந்தக் கடை ஃப்ரிட்ஜ்தான். என் டிபன் பாக்ஸைத் தினமும் முதலாளி காலி பண்ணிடறாரு. கேட்டா வேலை போயிடும்."

பழக்க தோஷம், என் வாய் தானாகத் திறந்தது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். புகாரைப் பதிவு செய்துகொண்டோம். மூன்று வேலை நாட்களுக்குள் ஆள் வருவார்."

விற்பனையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "இவ்வளவு பொறுமையா என்கிட்ட யாரும் கேட்டதில்ல மேடம்," என்றார். அடுத்து கல்லாவில் இருந்த அம்மா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போனார். தன் ஸ்டூலுக்கு மூன்று கால்தான் இருக்கிறதாம். மிக்ஸி வாங்க வந்த பெண்மணிக்கு நாத்தனாரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. அதற்குள் வாசல் வரை வரிசை. என்ன விற்கிறார்கள் என்றே தெரியாமல் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கடைசியில் முதலாளியே வரிசையில் வந்தார்.

"எனக்கு வீட்டுல யாரும் சாப்பாடு கட்டித் தர்றதில்லம்மா."

"உங்கள் மேல் ஏற்கனவே ஒரு புகார் இருக்கிறது சார்," என்றேன். மறுமுனையில் அவர் போனை வைத்துவிட்டார்.

எனக்குக் காது எரிந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை, அதற்காகக் காதைக் கழற்றியா வைக்க முடியும்? என் கணவர் என் முகத்தைப் பார்த்தார், கறுப்பை எடுத்துவிட்டுச் சாம்பலை மாட்டினார். அப்புறம் ஆளைக் காணவில்லை.

போன் அடித்தது. மங்கலான குரல்.

"யார் பேசறீங்க?"

"தையல்காரர்ங்க."

வாஷிங் மெஷின்களுக்குக் கீழே அவருடைய செருப்பு தெரிந்தது.

"சொல்லுங்க."

"எங்க வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க. ஊர்ல உள்ளவங்க பேசறதெல்லாம் கேக்கறாங்க. நான் பேசினா மட்டும் காதைப் பொத்திக்கறாங்க."

"உங்கள் சிரமத்துக்கு," என்று ஆரம்பித்தேன். "என்னங்க பேசணும் உங்களுக்கு?"

"பெரிசா ஒண்ணுமில்ல. இன்னைக்கு ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாத்தினேன். அதுல ஒரு வேடிக்கை நடந்துச்சு. சொல்ல ஆளில்ல. மெஷின்கிட்ட சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஹெட்ஃபோன் காதை உறுத்துகிறது என்று நினைத்திருப்பார்கள்.

"மூணு நாள்ல ஆள் வருமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இன்னைக்கே வரும்."

"யார் வருவாங்க?"

"நான்தான்."

அவருக்குப் பின்னால் நின்றிருந்தவர் போனை வாங்கி, இவ்வளவு நேரமா காக்க வைப்பது என்று கத்தினார். அது சாம்பலிலும் கணீரென்று விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனவர் எவரும் மெதுவாகப் பேசுவதில்லை. என்னிடம் மெதுவாகப் பேசும் ஒரே ஆள் பேசுவதைக் கேட்க ஹெட்ஃபோனே தேவையில்லை.

சாம்பலை வாங்கினோம். நாளைக்கும் வருவீர்களா என்று முதலாளி கேட்டார். பதில் சொல்லாமல் நழுவினோம்.

தெருவில் இறங்கியதும் அவர் ஜிப் கதையை ஆரம்பித்தார். ஆரம்பத்தில் பயந்து பயந்துதான் சொன்னார், என் கை காதுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே. உள்ளதைச் சொன்னால், அதில் அப்படியொன்றும் வேடிக்கை இல்லை. பேன்ட்டின் சொந்தக்காரர் வந்து நின்ற இடத்தில் மட்டும் சொன்னவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"மறுபடி சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். திரும்பவும் கேட்டேன். மார்க்கைக் குறைக்க அந்தத் தெருவில் யாரும் இல்லை.