வீட்டுக் கன்னியின் சுவர்

வேல்சாமிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவனுக்குப் பேயென்ன, பிசாசென்ன? அவனுக்குப் பயமெல்லாம் வீட்டின் மூலைச் சுவர் மேல்தான். கரிசல் மண் சும்மா கிடக்காது. கோடையில் வாய் பிளக்கும், மழைக்கு உப்பும். மேலே நிற்கிற வீட்டை ஆட்டிப் பார்க்கும். ஆடி ஆடித்தான் அந்தச் சுவரில் கை நுழைகிற அளவு வெடிப்பு. ஐப்பசி மழைக்குள் பழுது பாருங்கள், இல்லையென்றால் இடித்துவிடுங்கள் என்று எழுபத்தெட்டாம் வருஷம் நகராட்சி ஓவர்சியர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இடித்துவிட்டு மாடி வீடு கட்ட வேண்டும் என்பது வேல்சாமியின் எண்ணம். அவனுடைய மூன்று வயது மகள் அந்தச் சுவரோரம்தான் விளையாடுகிறாள். அவன் அம்மா பெருமாயியோ, முட்டுக்கொடுத்துப் பூசினால் போதும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் பாலம்மாள். வேல்சாமியின் அக்கா. கல்யாணமாகாமல் காய்ச்சலில் போனவள். அதனால் வீட்டார் கும்பிடுகிற வீட்டுக் கன்னியாக அந்தச் சுவர் மாடத்தில் இருக்கிறாள். மாடத்தில் விளக்கு, பக்கத்தில் ஓலைப்பெட்டி, அதற்குள் அவள் பாவாடையும் வளையலும். மத்தியான நேரத்தில் பெட்டிக்குள் வளையல் சத்தம் கேட்கும் என்பாள் பெருமாயி. எலி என்பான் வேல்சாமி. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பமாட்டான்.

“அவளக் கேக்காம சுவத்துல கை வச்சேன்னா, என்னைய மொதல்ல இடிச்சுப் போடுலே.”

கேட்பதென்றால் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்துக் கட்டி, கன்னி முன்னால் போட்டு, சின்னப்பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் இடிக்கலாம். சிவப்பு வந்தால் பழுதுதான் பார்க்க வேண்டும். கட்டுகிற வேலையை வேல்சாமியே கேட்டு வாங்கிக்கொண்டான். கில்லாடி. சிவப்பைப் பறிக்கவே இல்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டினான். மகள் உயிரைப் பூவை நம்பியா விடுவான்? பொட்டலங்களை மடியில் செருகினவன், மாடத்தின் முன்னால் போடும்வரை வெளியே எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. பிள்ளை ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பெருமாயி பிரித்தாள். வெள்ளை.

“சரி தாயி, ஒன் இஷ்டம்” என்று அழுதாள். அழுதுகொண்டே மற்றப் பொட்டலத்தையும் எடுத்தாள். வேல்சாமி முன்னால் வந்தான்.

“அது எதுக்கும்மா, இங்கன குடு.”

கை நீட்டுவதற்குள் பிரித்துவிட்டாள். சிவப்பு.

பெருமாயிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. அப்படித்தானே இருக்க வேண்டும்? வேல்சாமிக்குத்தான் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. பயம் கொஞ்ச நேரம்தான். பிறகு வந்த வெட்கம்தான் தாங்க முடியவில்லை. அக்கா அவன் திருட்டைக் கண்டுகொண்டாள். ஒன்றைச் சிவப்பாக மாற்றி வைத்தாள். அப்புறமும், தன் இடம் போய்விடும் என்று தெரிந்தும், பிள்ளை கையில் வெள்ளையைத்தான் கொடுத்திருக்கிறாள். நேர்மையாகக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

“கடப்பாரைய எடுலே. அவளே சொல்லிட்டால்லா” என்றாள் பெருமாயி.

எடுத்தான். ஓங்கினான். கை இறங்கவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வாய்விட்டுக் கேட்டான்:

“யக்கா, இத இடிச்சிட்டா நீ எங்கன போவ?”